கொல்லை மரத்து நெத்து, அடுத்தவர் புஞ்சைக்கு முள்

(வானொலி உரை)



வீட்டு மரத்தில் காய் பிடிக்க என்ன செய்யணும் என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்குக் காய் பிடிக்காமலிருக்க வழி சொல்லப் போகிறேன். நம் கொல்லைகளில் நிழலுக்கென்று விட்டு வைத்திருக்கிற சீமைக் கருவேலத்தைப் பற்றித்தான் பேச்சு.

வேம்பார் முதல் விளாத்திகுளம் வரை இந்த மரத்தை அறியாதவர் கிடையாது. பூர்வீகம் மெக்சிகோ, கரீபியன் தீவுகள் பக்கம். நம் நாட்டுக்கு 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கரையோர உவர் மண்ணிலும் தழைக்கும். விறகு கொடுக்கிறது, கரி மூட்டம் போடுகிறவருக்குப் பிழைப்பும் கொடுக்கிறது. ஆகவே எல்லா மரத்தையும் இன்றைக்கே வெட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நெத்தைப் பழுத்து விழ விடாதீர்கள் என்கிறேன்.

ஏன் தெரியுமா? நெத்து இனிப்பாக இருக்கும். ஆடு மாடு தேடித் தின்னும். சதை செரித்துவிடும், விதையில் ஒரு பகுதி உடையாமல் புழுக்கையோடும் சாணத்தோடும் வெளியே வந்துவிடும். வயிற்றில் ஊறி மேல்தோல் இளகி, முளைக்கத் தயாராக வரும். அந்த ஆட்டைக் கொண்டுபோய்ப் புஞ்சையில் கிடை அமர்த்தினால், எருவோடு முள்ளையும் விதைத்த கதைதான். பனையடியில் முளைத்துப் புதரானால் பாளை சீவ வருகிறவர் கால் வைக்க இடமிருக்காது. கம்பும் உளுந்தும் விளைந்த மானாவாரி நிலம், சில வருஷம் தரிசாகக் கிடந்தால் முட்காடாகிவிடும்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒன்று: பூங்கதிர் தலைகாட்டும்போதே கொப்புகளைக் கழித்துவிடுங்கள். விறகுக்கு விறகும் ஆச்சு, நெத்தும் பிடிக்காது. மறுபடி பூக்கும்; மறுபடி கழியுங்கள்.

இரண்டு: தப்பிய நெத்து விழுந்தால் அன்றன்றைக்குப் பொறுக்குங்கள். "கோடையில் ஆட்டுக்கு வேறென்ன சார் போடுறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நெத்தை மொறமொறவென்று காயவைத்து, விதையும் உடையும்படி இடித்துப் போடுங்கள். மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கென்யா நாட்டில் நெத்தையே தின்று பல்லை இழந்த ஆட்டை, 2006-இல் தொடுத்த வழக்கில் சாட்சியாக நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள்!

மூன்று: முழு நெத்து தின்ற ஆட்டை ஒரு வாரம் பட்டியிலேயே அடைத்துத் தீவனம் போடுங்கள். பிறகு கிடைக்கு அனுப்பலாம். அந்தப் பட்டி எருவை நேரே நிலத்துக்கு அடிக்க வேண்டாம். குழியில் போட்டு மக்க வையுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு முளைக்கும். கண்ணில் பட்டதும் பிடுங்குங்கள்.

நான்கு: ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது, நாலு இலைக் கன்றைக் கையாலேயே பிடுங்கலாம். விட்டுவிட்டால் ஆணிவேர் இறங்கி, அப்புறம் கடப்பாரைதான்.

மரமே வேண்டாம் என்றால், தரைமட்டத்தில் வெட்டிப் பிரயோசனமில்லை. ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். அடிக்கட்டையை ஓரடி ஆழத்துக்குக் குறையாமல் தோண்டி எடுங்கள். அந்த இடத்தைச் சும்மா விடாதீர்கள். நிழலுக்கு வேம்பு வையுங்கள். ஆட்டுக்கு நெத்து வேண்டுமென்றால் நம்ம வெள்வேல் இருக்கிறது. வேலிக்குக் கிளுவைப் போத்து ஊன்றுங்கள்.

அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது. கண்மாயையும் காட்டையும் எத்தனை தடவை சுத்தம் செய்தாலும், நம் கொல்லை நெத்தைத் தின்ற ஆடு அங்கேதான் மேயப் போகும். நம் மரத்தின் காய்க்கு நாம்தான் பொறுப்பு. இந்தக் கோடையில் உங்கள் கொல்லை மரத்திலிருந்தே தொடங்குங்கள்.