செல்லாக் காசு



ஷா ஆலம் மாநகரம் எழுமுன்னர் அவ்விடம் சுங்கை ரெங்கம் என வழங்கிய தோட்டப்புறமாகும். ரப்பருக்கும் செம்பனைக்கும் பேர்பெற்றது. நம்மவர் பால்மரம் சீவிய அம்மண்ணிலேதான் இன்று பேங்க் நெகாராவின் நாணயச்சாலை அமைந்துள்ளது.

காசு அடிக்கும் உரிமை அரசுக்கே உரியது. எனினும் 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு வெள்ளி நாணயத்திற்கு நேர்ந்த கதியை நாம் அறிவோம். பொன்னிறமும் கிரிஸ் கத்தியின் உருவமும் கொண்ட அந்நாணயத்தைக் கள்ளர் போலியாகச் செய்து புழக்கத்தில் விட்டனர். ஐம்பது வெள்ளி நோட்டாயின் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்போம். கடைக்காரர் கைநிறையக் கொடுக்கும் சில்லறையை யார்தாம் ஒவ்வொன்றாகச் சோதிப்பர்? கள்ளனுக்கு இது நன்கு தெரிந்திருந்தது. போலிகள் பெருகவே, 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் முதல் அந்நாணயம் செல்லாததாயிற்று. அதற்குள் வங்கியில் மாற்றாதோரின் உண்டியலில் கிடந்த நல்ல காசும் போலியோடு போலியாய் மதிப்பிழந்தது.

நம் பாட்டன்மார் இதனினும் பெரிய இழப்பைக் கண்டவர்கள். 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தமையால், அப்பணத்தை வாழைமர நோட்டு என்றே மக்கள் அழைத்தனர். தொடக்கத்தில் நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பின்னர் எழுத்துகள் மட்டுமே அச்சாயின. எண்ணில்லா நோட்டைப் போலி செய்தல் எளிதன்றோ! ஆயினும் கள்ளன் அடித்ததைக் காட்டிலும் ஆட்சியினர் அடித்ததே மிகுதி. அரிசி விலை ஏற ஏற, நோட்டு வெறுந்தாளாகிக்கொண்டே வந்தது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அது செல்லாதென்றனர். தகரப்பெட்டியில் சேர்த்து வைத்த கூலி குப்பையாயிற்று. நிலமும் நகையும் உடையோர் ஓரளவு தப்பினர். கூலியைப் பணமாகவே பெற்று, பணமாகவே வைத்திருந்தோர்க்குப் புகலிடம் இல்லை.

இப்போதைய ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஒளி ஊடுருவும் சாளரம் அவற்றில் உண்டு. பெரிய நோட்டுகளை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் முதலாம் மாமன்னரின் உருவம் நீர்க்குறியாகத் தோன்றும். அங்காடியில் மிச்சம் வாங்கும்போது அவ்விடத்திலேயே இவற்றைப் பார்த்துக்கொள்வது நலம்.

ஐயத்திற்குரிய நோட்டு கைக்கு வந்துவிட்டால், நட்டத்திற்கு அஞ்சி அதனை அடுத்தவர் தலையில் கட்டலாகாது. தெரிந்தே மாற்றுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதனை உறையிலிட்டு, யார் தந்தது, எப்பொழுது தந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.