சர்க்கரையும் ஆண்மையும்: சொல்லாமல் மறைக்கும் சங்கதி



ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறார் நீர்காத்த அய்யனார். மலையில் மழை விழுந்தால் கோவிலை ஒட்டி ஓடும் ஆற்றில் தண்ணீர் புரளும். அந்தப் பக்கத்து மலைத்தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி, குழாய் வழியாக ஊருக்குக் குடிதண்ணீராக வருகிறது. குழாய்க்குள் அழுக்குப் படிய ஆரம்பித்தால் எந்த வீட்டில் முதலில் தண்ணீர் குறையும்? மெயின் குழாய் பக்கத்து வீட்டிலா? இல்லை. சின்னக் குழாய் போட்ட கடைக்கோடி வீட்டில்தான்.

நம் உடம்பின் ரத்தக்குழாய்களும் அப்படித்தான். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாயின் விட்டம் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆணுறுப்புக்குப் போகும் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். சர்க்கரையும் கொழுப்பும் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும்போது, சின்னக் குழாய் முதலில் முரண்டு பிடிக்கிறது. விறைப்புத் தன்மை குறைகிறது. இதயத்தில் கோளாறு தெரிவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பலருக்கு இந்த அறிகுறி வந்துவிடுகிறது.

இன்று பேசப்போவது இதைப் பற்றித்தான். பக்கத்தில் யாராவது இருந்தால் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். இது மருத்துவம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 14 பேர். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சர்க்கரை உள்ள ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விறைப்புக் குறைபாடு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. மற்ற ஆண்களைவிட இவர்களுக்கு இது பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே வருகிறது.

காரணம் ஒன்றல்ல. ரத்தக்குழாய் விரிவதற்கு நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் வேண்டும். குழாயின் உட்சுவரும் நரம்பு நுனிகளும்தான் அதைச் சுரக்கின்றன. பல வருடம் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் அந்தச் சுரப்பு குறையும். காலை மரத்துப்போகச் செய்யும் அதே நரம்புத் தேய்வு இங்கேயும் வேலையைக் காட்டும். சிலருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். பிள்ளைப்பேறு தள்ளிப் போக அதுவும் ஒரு காரணமாகலாம். தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்து ஆசையே மங்கும். உறுப்பின் முன்தோலில் அரிப்பும் புண்ணும் அடிக்கடி வருகிறதா? சர்க்கரை இருப்பதையே சிலருக்கு அதுதான் முதலில் காட்டிக் கொடுக்கிறது.

இவ்வளவும் உடம்பின் கோளாறு. ஆனால் நம் ஆட்கள் இதைக் கௌரவப் பிரச்சினை ஆக்கிக்கொள்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின், சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டு வருகிறவர் பெரும்பாலும் ஒரு பெண் தன்னார்வலர், பல இடங்களில் அதே தெருவில் இருப்பவர். "அக்கா, எனக்கு இப்படி ஒரு பிரச்சினை" என்று எந்த ஆண் அவரிடம் வாய் திறப்பான்? டாக்டரிடமும் சொல்வதில்லை, மனைவியிடமும் சொல்வதில்லை. பேச்சு குறையும், எரிச்சல் கூடும். தன்மேல் பிரியம் போய்விட்டதோ, வெளியில் ஏதாவது தொடர்போ என்று வீட்டில் இருப்பவள் குமைவாள்.

சொல்ல வெட்கப்படுகிறவன் கடைசியில் போய் நிற்பது 'வாலிப வயோதிக அன்பர்களே' விளம்பரத்தில்தான். லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருப்பவர் கொடுக்கும் லேகியத்திலும் பொடியிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட 'மூலிகை' மருந்துகளில் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தைச் சத்தமில்லாமல் கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது போய்ச் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையில் சில்டெனாஃபிலை நீங்களாகக் கேட்டு வாங்கினாலும் இதே ஆபத்துதான்.

முறையான வைத்தியம் இருக்கிறது. முதல் வேலை, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் கொண்டுவருவது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பலருக்கும் வைக்கப்படும் இலக்கு. பீடி, சிகரெட்டை விட வேண்டும். புகையும் அதே குழாயைத்தான் கெடுக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். மில்லில் ஷிப்டு மாறி மாறி வேலை பார்ப்பவர்கள், எந்த ஷிப்டாக இருந்தாலும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பொட்டலத்தைப் பிரித்துவைத்து உட்கார வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகும் குறை இருந்தால் டாக்டர் உங்கள் இதயத்தைச் சோதித்துவிட்டு மாத்திரை தருவார். மாத்திரை எல்லோருக்கும் கேட்காது. கேட்காதவர்களுக்கு வெற்றிடக் கருவி, ஊசி, அறுவை சிகிச்சை என்று அடுத்தடுத்த வழிகள் உண்டு. சில பிரஷர் மாத்திரைகளாலும் இந்தக் குறை வரலாம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கே போவது? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

அடுத்த முறை சுகர் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லுங்கள்: "டாக்டர், தாம்பத்தியத்தில் சிரமம் இருக்கிறது." கூட்டமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மனைவியையும் அழைத்துப் போனால் இன்னும் நல்லது. தாம்பத்தியத்துக்காகச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் உங்கள் இதயத்தையும் காப்பாற்றக்கூடும்.