காரீயச் சிறகுகள்



சீனாவின் நவீனமயத்தைக் கட்டடங்களில் கண்டு திரும்பியோர் பலர். கிளாடிஸ் யாங் அதை வீடுகளுக்குள் கண்டவர். 1919-இல் பெய்ஜிங்கில் ஆங்கிலேயக் கிறித்தவ ஊழியரின் மகளாகப் பிறந்து, ஆக்ஸ்போர்டில் சீனம் பயின்று, 1940-இல் யாங் சியன்யீயுடன் சீனா திரும்பி அவரையே மணந்தார். 1999-இல் அம்மண்ணிலேயே மறைந்தார். சீனச் செவ்விலக்கியத்தை ஆங்கிலத்தில் உலவவிட்ட இவ்விருவரையும் பண்பாட்டுப் புரட்சி 1968 முதல் 1972 வரை சிறையில் வைத்தது. (நல்ல பரிசுதான்!) மீண்டவர்கள் மொழிபெயர்ப்புக்கே திரும்பினர். ‘செம்மாடக் கனவு’ பெருநாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது அதன் பின்னரே.

கவிஞர்கள் கருதத்தக்கது பின்னாளைய பணியொன்று. சாங் ஜியே என்னும் பெண் எழுத்தாளரின் 1981-ஆம் ஆண்டு நாவல், தொழில்துறைச் சீர்திருத்தம் பற்றியது. பழைய நிருவாக முறையோடு போராடும் துணையமைச்சர், உயிரற்றுப்போன தம் இல்லறத்தை ஊருக்காகக் கட்டிக் காக்கிறார். சீர்திருத்தம் ஆலைவாயிலோடு நின்றுவிடுகிறது. சீனத்தில் நூற்பெயர் ‘கனத்த சிறகுகள்’. கிளாடிஸின் ஆக்கம் 1987-இல் ‘காரீயச் சிறகுகள்’ என்னும் பெயரில் வந்தது. கனம் எதற்கும் பொருந்தும் சொல். காரீயம் என்றதும் கை தாழ்கிறது. அரை நூற்றாண்டு அங்கு வாழ்ந்தவர் கண்ட சீனாவுக்கு இதனினும் பொருந்திய பெயரில்லை. 1989-இல் வந்த மற்றொரு ஆங்கில ஆக்கம் ‘கனத்த’ என்றே பெயரிட்டது. அகராதிப்படி அதுவே சரி.