ஒரே நாள், ஒரே அவை, இரண்டு உரைகள்



ஜெனீவாவிலே இலங்கை தொடர்பான தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வரும்போதெல்லாம் நம் இளையோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அந்நியராட்சியின் கொடுமையை அனுபவித்து விடுதலை பெற்ற ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பல ஏன் நமக்கு எதிராக வாக்களிக்கின்றன? "விலைபோய்விட்டார்கள்" என்பதே நாம் வழக்கமாகக் கூறும் விடை. அவ்விடை போதாது என்பதை, 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஆற்றப்பட்ட இரண்டு உரைகளைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

அவ்வாண்டு 78 நாட்கள் நேட்டோ, பாதுகாப்புச் சபையின் ஒப்புதலின்றி யூகோஸ்லாவியா மீது குண்டு வீசியிருந்தது. மறுபுறம், பாதுகாப்புச் சபையின் ஆணையோடும் இந்தோனேசியாவின் இசைவோடும் சென்ற பன்னாட்டுப் படை, கிழக்குத் தீமோரில் இறங்கியதும் அதே செப்டெம்பர் 20ஆம் நாள்தான்.

முதலில் பேசியவர் செயலாளர் நாயகம் கோஃபி அன்னான். அரசு மக்களுக்குப் பணியாள், மக்கள் அரசுக்குப் பணியாளர் அல்லர் என்றார். 1994இல் ருவாண்டாவைக் காக்கச் சில நாடுகள் முன்வந்து, பாதுகாப்புச் சபை மட்டும் இசையாதிருந்தால், அந்நாடுகள் கைகட்டி நின்றிருக்க வேண்டுமா என்று வினவினார். அன்று அமைதிகாப்புத் துறையின் தலைவராக இருந்தவர் அவரே என்பதை மறவாது அவ்வினாவைப் படிக்க வேண்டும். கொசோவோவைக் கொண்டாடியோரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒப்புதலற்ற படையெடுப்புகள் உலக ஒழுங்கையே குலைக்கக்கூடும் என எச்சரித்தார்.

அதே நாளில் மறுமொழியாக ஒலித்தது அல்ஜீரியக் குடியரசுத் தலைவர் அப்தலசீஸ் பூத்தெஃப்லிக்காவின் உரை. அப்போது ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைமைப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. நம்மவர் எவரும் எடுத்துக்காட்டாத உரை இது. உதவி எங்கே முடிகிறது, தலையீடு எங்கே தொடங்குகிறது? தலையிடும் உரிமை நலிந்த நாடுகள் மீது மட்டுமா, எல்லா நாடுகள் மீதுமா? சமமற்ற உலகின் விதிகளுக்கு எதிராக எங்களிடம் எஞ்சியிருக்கும் இறுதி அரண் இறைமையே என்றார். 132 ஆண்டுகள் பிரான்சின் கீழ்க் கிடந்த நாட்டின் குரல் அது. அதே அல்ஜீரியா, 1990களின் உள்நாட்டுப் போரில் நிகழ்ந்த படுகொலைகளை வெளியார் விசாரிக்க இடமளிக்க மறுத்த நாடும் ஆகும். ஆறாத காயமும் அடைத்த கதவும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அவ்விரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பவர் அவ்வுரையைப் படித்தவர் ஆகார்.

பத்தாண்டுகள் கழித்து, 2009 மே 27இல், இறைமையையும் தலையிடாமையையும் முன்னிறுத்தி இலங்கை கொண்டுவந்த தீர்மானம் மனித உரிமைகள் பேரவையில் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12 நாடுகள் மட்டுமே. 2014இல் பன்னாட்டு விசாரணைக்கு வழிவகுத்த தீர்மானத்தை அல்ஜீரியா எதிர்த்தது. இந்தியாவோ இறைமையைக் காரணங்காட்டி வாக்களியாது ஒதுங்கியது. ஆதாயக் கணக்குகளும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆயினும் பூத்தெஃப்லிக்காவின் அச்சத்தை இத்தனை நாடுகள் பகிர்ந்துகொண்டதையும் நாம் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

நாமோ இலண்டனுக்கு எழுதிய கடிதத்தையே, முகவரியை மாற்றி, ஆபிரிக்கத் தூதரகங்களுக்கும் அனுப்பினோம். அக்கடிதங்களுள் சிலவற்றை வரைந்தவன் நானே. ருவாண்டாவை எடுத்துரைத்தோம், தலையீடு என்னும் சொல்லைக் கேட்டதும் அவர்கள் நெஞ்சில் எழும் நினைவை எண்ணிப் பார்க்கவில்லை.

இசைவின்றித் தலையிடாதீர் என்போருக்குக் கூற நம்மிடம் வலுவான செய்தி ஒன்றுண்டு. 2015 ஒக்டோபரில் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை அரசே இணை அனுசரணை வழங்கியது. வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. 2020 பெப்ரவரியில் அடுத்து வந்த அரசு அந்த அனுசரணையிலிருந்து விலகிக்கொண்டது. இசைவோடு கூடிய ஒத்துழைப்பு முயன்று பார்க்கப்பட்டது. இசைவைத் தந்த நாடே அதைத் திரும்பப் பெற்றது. இறைமையை மதிக்கும் நாடொன்றிடம், அதன் மொழியிலேயே கேட்கத்தக்க கேள்வி இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இவ்விரு உரைகளின் படிகளும் வாயிலருகே மேசையில் உள்ளன. தேநீருக்குப் பின், ஆபிரிக்க நாடொன்றுக்கான கடிதத்தின் முதற்பந்தியை இளையோரோடு சேர்ந்து எழுதிப் பார்ப்போம்.