பசை இல்லாத கார்

லெகோ டெக்னிக் துண்டுகளில் பிள்ளைகள் பொம்மைக் கார் செய்வார்கள். 2018-இல் அதே துண்டுகளைக் கொண்டு, ஆள் உட்கார்ந்து ஓட்டும் அளவுக்கு ஒரு புகாட்டி சிரோன் காரையே உருவாக்கிவிட்டார்கள்! செக் நாட்டின் கிளாட்னோவில் பிறந்த அந்தக் காருக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான துண்டுகள். பசை ஒரு சொட்டுக்கூட இல்லை.

எஞ்சின்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பொம்மைக்குள் போடுகிற குட்டி மோட்டார்கள், மொத்தம் 2,304. தனியாக ஒரு மோட்டாரை விரலால் பிடித்தே நிறுத்திவிடலாம். பல்சக்கரங்கள் வழியாக எல்லாவற்றின் விசையையும் ஒன்றுசேர்த்ததில் 5.3 குதிரைத்திறன் கிடைத்தது. உள்ளே எஃகுச் சட்டம் உண்டு. சக்கரங்கள் அசல் புகாட்டி. சுமார் 1,500 கிலோ எடையுள்ள அந்தக் கார், ஜெர்மனியின் சோதனை ஓடுதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது.