மோட்டாரில் ஏறுமுன் ஒரு வார்த்தை
(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு நாளில் படிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம், இன்று பரிசு வாங்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அடுத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகப் போகிறார்கள். பட்டணம் தூரம். "அப்பா, மோட்டாரைக் குடுங்கப்பா, நானே போயிட்டு வந்துடுறேன்" என்ற பேச்சு பல வீடுகளில் எழும்.

மோட்டார் நமக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. வேலைக்குப் போவதும், சாமான் வாங்கி வருவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். ஆகவே மோட்டாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாகத் தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. இதை மறந்துவிட்டு எந்தப் பெற்றோரும் சாவியை நீட்டக் கூடாது.

மலேசியாவில் மோட்டார் உரிமம் பெறக் குறைந்த வயது 16. பதின்மூன்று வயதுப் பிள்ளை இன்னும் மூன்றாண்டு பொறுத்தே ஆகவேண்டும். "தோட்டத்துச் சடக்குதானே சார், போலீசா வரப்போறாங்க?" என்பார்கள். போலீஸ் வராது, ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும். வளைவில் மரங்கள் எதிரே வருவதை மறைக்கும். செம்மண்ணும் சரளைக் கல்லும் சக்கரத்தை வழுக்கிவிடும். காப்சாய் மோட்டாரே ஏறக்குறைய 100 கிலோ எடை. கால் முழுதாகத் தரையில் ஊன்றாத பிள்ளை அதை எப்படித் தாங்கும்? வெளிச்சாலையில் உரிமம் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுப்பதும் குற்றம்தான். விபத்து என்று வந்தால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்.

வேன் கட்டணத்தின் சுமை தெரியாமல் பேசவில்லை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனைப் பேசினால் சுமை குறையும். சங்கத்தினர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். அதுவரை பிள்ளைகள் சைக்கிளில் பழகட்டும். நேராக ஓட்டுவது, திரும்புமுன் பின்னால் பார்ப்பது, கை காட்டுவது எல்லாம் மோட்டாருக்கும் முதற்பாடமே.

பதினாறு வயதானதும் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் முறையாகப் பதியுங்கள். விதிமுறை வகுப்பு, கணினித் தேர்வு, 'எல்' உரிமம், ஓட்டும் தேர்வு, பிறகு இரண்டாண்டு 'பி' உரிமம். ஒவ்வொரு படியும் ஒரு பாடம். குறுக்கு வழி தேடாதீர்கள்.

அடுத்து, தலைக்கவசம். 1973 முதல் நம் நாட்டில் இது சட்டம். ஆனால் பாருங்க, பலருடைய ஹெல்மெட் கூடையில் பயணம் செய்கிறது! தகப்பனார் அணிந்திருப்பார், பின்னால் உட்கார்ந்த பிள்ளை வெறுந்தலையோடு வரும். பிள்ளையின் அளவுக்கு, சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். வாரைப் பூட்டிய பின் பின்பக்கத்திலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது காக்காது. ஒருமுறை விபத்தில் அடிபட்டதை மீண்டும் போடாதீர்கள்.

மாணவர்களே, ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு எத்தனை மீட்டர்? 60,000ஐ 3,600ஆல் வகுங்கள். ஏறக்குறைய 17 மீட்டர். மாடு குறுக்கே வருவதைக் கண் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆனால், பிரேக் பிடிக்குமுன்பே வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். இந்தக் கணக்கை வீட்டில் அண்ணனுக்கும் சொல்லுங்கள்.

முன் பிரேக்கைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் உலர்ந்த தார்ச்சாலையில் முன் பிரேக்கே அதிகம் நிறுத்தும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். சரளையிலும் ஈரத்திலும் முன் பிரேக்கை மென்மையாகப் பிடியுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள், வளைவில் அல்ல. உரிமத்துக்குப் பழகுபவர் முதலில் காலியான திடலில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, மெதுவாகப் பழக வேண்டும்.

சில இளைஞர்களுக்கு மோட்டோகிராஸ் மீது ஆசை. மண்மேட்டில் பாய்வதைத் திரையில் பார்த்துவிட்டு, தோட்டத்து மேட்டில் காப்சாயைப் பாய்ச்சுகிறார்கள். தம்பி, அந்த வீரர்கள் மூடிய தடத்தில், அதற்கென்றே செய்த வண்டியில் ஓடுகிறார்கள். முழுமுகக் கவசம், கண்ணாடி, கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், மார்புக் காப்பு எல்லாம் அணிகிறார்கள். நீ சிலிப்பரோடு பாய்கிறாய்! 2018இல் மோட்டோஜிபி பந்தயத்தில் ஓடிய முதல் மலேசியர் ஹாஃபிஸ் ஷாஹ்ரின்கூட உச்சி முதல் பாதம் வரை காப்பணிந்துதான் ஓடினார். ஆசை உண்மையானால் பயிற்றுநர் உள்ள தடத்துக்குப் போ. சிறிய இயந்திரத்தில் தொடங்கு. மிதிகட்டையில் நின்று, முழங்காலை மடக்கி, சக்கரத்தைப் பாராமல் போகும் வழியைப் பார்க்கக் கற்றுக்கொள்.

பெரியோர்களே, நாளைக் காலை வண்டியைக் கிளப்புமுன் டயர், பிரேக், சங்கிலி, விளக்கு நான்கையும் பாருங்கள். பகலிலும் விளக்கு எரியட்டும். பிள்ளையின் தலையில் கவசத்தை வைத்து, வாரை உங்கள் கையாலேயே பூட்டுங்கள். பதறாத காரியம் சிதறாது. பெற்றோர் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளை ஓட்டக் கற்கிறது. இன்று பரிசு பெறும் செல்வங்கள் அனைவரும் படித்து, வளர்ந்து, பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என வாழ்த்தி விடைபெறுகிறேன்.