ஐம்பத்து மூன்று வயதில் நீச்சல் கற்றேன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

செக்ரட்டரி எனக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கிராமத்துக் கிணற்றில் நீந்திப் பழகியவன். முதுகில் சுரைக்குடுவையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார். அதை வைத்து, "எனக்கு நீச்சல் தெரியும்" என்று நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு கோடைக்கு முன் நம் கொட்டிவாக்கம் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். நீரோட்டம் உள்ளே இழுத்துவிட்டது. தலையைத் தூக்கியபடி கரையைப் பார்த்து நீந்தினேன். சில நிமிடங்களில் கை ஓய்ந்தது. மீனவர்கள் படகில் வந்து தூக்கினார்கள். கரையில் என் மனைவி நின்ற நிலை இன்றும் கண்ணில் இருக்கிறது.

அடுத்த மாதமே பயிற்சியில் சேர்ந்தேன். கோச்சுக்கு என் மகன் வயது. "சார், நீங்க நீந்தல, தண்ணியோட சண்டை போடறீங்க" என்றார். முதல் வாரம் முழுக்க மூச்சுதான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீரில் வைத்து, மெதுவாகக் குமிழி விட வேண்டும். மூச்சை அடக்கினால் சீக்கிரம் திணறும். தலையைத் தூக்கினால் கால் கீழே போகும். உடம்பே தண்ணீருக்குத் தடையாகிவிடும். மூச்சு வாங்கத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும். காலை முழங்காலிலிருந்து உதைக்காமல் இடுப்பிலிருந்து அசைக்க வேண்டும். முதல் நாள் 25 மீட்டரில் பாதியில் நின்றுவிட்டேன். மூன்று மாதத்தில் நிற்காமல் நூறு மீட்டர் போனேன்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு மிஹிர் சென் கதையைச் சொல்கிறேன். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், அங்கேதான் முறையான ஃப்ரீஸ்டைல் கற்றார். பலமுறை தோற்று, 1958-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1966-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையையும் நீந்தி வந்தார்.

ஆனால் குளத்து நீச்சலை நம்பிக் கடலில் இறங்காதீர்கள். பெசன்ட் நகரில் இருக்கும் கார்ல் ஷ்மிட் நினைவிடம், 1930-ல் பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியது. நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். நம் குளத்தில் குழந்தைகளுக்கு வகுப்பு நடக்கிறது. பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து போன் பார்க்கிறோம். ஒரு பிள்ளை ஆழத்துக்குப் போய்விட்டால் நம்மில் எத்தனை பேரால் இறங்க முடியும்? பெரியவர்களுக்கும் ஒரு பேட்ச் தொடங்குவோம். பெண்களுக்குத் தனி நேரம் வைப்போம். பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். முதல் பெயராக என் மனைவியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவரே கொடுக்கச் சொன்னார்.